எக்ஸ்ரே வண்டிக் காளியண்ணன்

மல்லசமுத்திரம் காளியண்ணன் முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் முட்டை ஏற்றிப்போய் அசாமில் இறக்கிவிட்டு, அங்கிருந்து டீத்தூள் ஏற்றிக்கொண்டு வருவார். இந்தியில் சண்டை போட நன்றாகத் தெரியும், சமாதானம் பேசத் தெரியாது. அப்பேர்ப்பட்ட ஆசாமிக்கு ஐம்பத்தாறாவது வயதில் முட்டி தேய்ந்துபோய், லாரியை விட்டு இறங்கின கையோடு வேறொரு வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிற வண்டிக்கு டிரைவர். விதி எல்லாரிடமும் விளையாடும். இவரிடம் கபடியே ஆடிவிட்டது.

வண்டி சேலத்து அறக்கட்டளை ஒன்றுக்குச் சொந்தம். பஸ் மாதிரி நீளம், உள்ளே ஏ.சி., நடுவில் மெஷின், வெளியே முழுக்க ரோஸ் கலர். முதல் நாள் அதைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினதும் தெருவே திரண்டுவிட்டது. இது என்ன வண்டி என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். எக்ஸ்ரே வண்டி என்றார் காளியண்ணன். எதை எடுக்கிற எக்ஸ்ரே என்று அந்த மனிதர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. பாதியில் பிரேக் போட்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊருக்குள் அவர் பெயர் எக்ஸ்ரே வண்டிக் காளியண்ணன்.

அவருடைய மனைவி உஷாராணிக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. முதல் வாரமே வண்டியில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சீட்டும் வாங்கிவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். நாத்தனார் மாரக்காளுக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே நோய் வந்தபோது கூடவே இருந்து பார்த்தவர் உஷாராணி. மாரக்காள் காளியண்ணனுக்கு மூத்தவர். ஒரு பக்க மார்பை எடுத்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, இன்றைக்கு அறுபத்து நாலு வயதில் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். கொட்டின முடி சுருட்டையாக முளைத்துவந்ததில் அவருக்கு ஒரு தனிப் பெருமை.

வண்டியில் படம் எடுப்பவர் பிரவீனா. சேலம் அம்மாபேட்டைக்காரர், முப்பத்து நாலு வயது, நறுக்கென்று பேசுவார். ஊர்ப் பெண்களை உட்காரவைத்து முதலில் அரைமணி நேரம் பேச்சு, அப்புறம் டோக்கன், அப்புறம் படம். பேச்சுக்குப் பெண்கள் வரவேண்டுமே! நாற்பது வயது தாண்டினவர்கள் வாருங்கள் என்று மைக்கில் கத்தினால், ஊரில் நாற்பது தாண்டின பெண்ணே இல்லை என்பதுபோல எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இந்த இடத்தில்தான் காளியண்ணனின் மூளை வேலை செய்தது. அவர் பெண்களிடம் போகவில்லை. நேராக டீக்கடைக்குப் போனார். அங்கே லாரிக்காரர்களும் போர்வெல் போடுகிற ரிக்வண்டிக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏனுங், வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. எடுக்கறீங்களே, எதுக்குங்க? ஓடற ஓட்டத்துலயே கோளாறக் கண்டுபுடிக்கத்தானுங்க. ஊட்டு அம்மணிக்கு நாப்பது தாண்டிருச்சுங்களா? அப்ப அவங்களுக்கும் ஒரு எஃப்.சி. எடுத்துருங்க" என்பார்.

இது பிடித்துக்கொண்டது. மனைவியின் பிறந்தநாள் மறந்தாலும் வண்டியின் எஃப்.சி. தேதி மறக்காத கூட்டம் அது. அரைமணி நேரத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மனைவியை முன்னால் விட்டு, பின்னாலேயே வருவார்கள். நாங்கள் என்ன லாரியா என்று ஒரு அம்மாள் காளியண்ணனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டதும் உண்டு. லாரியாக இருந்தால் இந்நேரம் நாலு தடவை பார்த்திருப்பார்களே தாயி என்று அவர் சொன்னதும் அந்த அம்மாளே சிரித்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டார்.

இப்படி ஊருக்கெல்லாம் எஃப்.சி. சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனபின், ஒரு வைகாசி மாதத்தில் குளிக்கும்போது சோப்பு வழுக்கின இடத்தில் விரல் நின்றது. வலது மார்க்காம்புக்குக் கீழே துவரம்பருப்பு அளவில் ஏதோ ஒன்று. அமுக்கிப் பார்த்தார், வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றை நோய் என்று லாரிக்காரர் ஒப்புக்கொள்வாரா? உட்கார்ந்து யோசித்து ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டார். சீட் பெல்ட்!

லாரி ஓட்டின காலத்தில் பெல்ட்டை மடியில் போட்டுக்கொண்டு, போலீஸைக் கண்டால் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள்வார். இந்த ரோஸ் வண்டியில் அந்தப் பாச்சா பலிக்காது. பெல்ட் மாட்டாவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். வலது தோளிலிருந்து இறங்கிவருகிற பெல்ட் நாளெல்லாம் உரசி உரசி அங்கே காய்ப்புக் காய்த்திருக்கிறது. கியர் போட்டுப் போட்டு உள்ளங்கையில் காய்க்கவில்லையா, அது மாதிரி. தீர்ப்பு எழுதியாயிற்று. அடுத்த நாளே பெல்ட்டின்மேல் ஒரு ஈரிழைத் துண்டைச் சுற்றினார். ராத்திரி உப்பு ஒத்தடம், விடிந்தால் விளக்கெண்ணெய். எண்ணெய் வாடை எங்கிருந்து வருகிறது என்று உஷாராணி கேட்டபோது முட்டிக்குப் போட்டேன் என்றார். முட்டிக்குப் போட்ட எண்ணெய் சட்டையில் நெஞ்சு வரைக்கும் எப்படி ஏறியது என்று அடுத்த கேள்வி வந்தது. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வெளியே போய்விட்டார்.

துவரம்பருப்பு ஆடியில் பட்டாணி ஆனது. ஐப்பசியில் மொச்சைக்கொட்டை. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. பனியனில் அவ்வப்போது ஒரு சொட்டுக் கறை. கறையை மனைவி பார்த்துவிடக் கூடாதென்று பனியனைத் தானே துவைக்க ஆரம்பித்தார். முப்பது வருடத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்காத மனிதர் துவைக்கிற கல்லுக்குப் போனதும் உஷாராணிக்குத் தலைகால் புரியவில்லை. இவருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார்.

காளியண்ணனுக்குத் தெரியாமல் இல்லை. பிரவீனாவின் பேச்சை இருநூறு தடவையாவது கேட்டிருப்பார். அதில் கடைசியாக ஒரு வரி வரும். இந்த நோய் நூறு பேருக்கு வந்தால் அதில் ஒருவர் ஆண் என்று பிரவீனா சொல்வார். பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். வைகாசி வரைக்கும் காளியண்ணனும் சேர்ந்து சிரித்தவர்தான். அதற்கப்புறம் அந்த வரி நெருங்கும்போதே எழுந்து டயரில் காற்றுப் பார்க்கப் போய்விடுவார். அந்த ஐந்து மாதத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக தடவை காற்றுப் பார்க்கப்பட்ட டயர்கள் அந்த வண்டியினுடையவைதான்.

பயந்தார் என்று நேராகவே சொல்லிவிடலாம். சாவைப் பற்றிய பயம் ஒரு பங்கு என்றால், கேலியைப் பற்றிய பயம் மூன்று பங்கு. பொம்பளை நோய் வந்த காளியண்ணன் என்று டீக்கடையில் ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், திருச்செங்கோட்டிலிருந்து தம்மம்பட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் அவர் வாயை மூடிக்கொண்டு, மொச்சைக்கொட்டையை வளர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் மாரக்காளின் ஊரில் முகாம். சமுதாயக் கூடத்தில் நாற்பது பெண்கள். முதல் வரிசையில் சுருட்டை முடியோடு மாரக்காள், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி பட்டுப்புடவையில். பிரவீனாவுக்கோ தொண்டை கட்டிக்கொண்டு காற்றுதான் வருகிறது. மைக்கைக் கொண்டுவந்து காளியண்ணன் கையில் வைத்து, உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே, நீங்களே சொல்லுங்கள் அண்ணா என்று கிசுகிசுத்தார். விளக்கப் படத்தை மாட்டி, ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றுகொண்டார். மைக்கைக் கண்டால் விடுகிற ஆளா காளியண்ணன்?

சும்மா சொல்லக்கூடாது, பிரவீனாவைவிட நன்றாகவே பேசினார். வயது ஏற ஏற இந்த நோய்க்கு வாய்ப்பும் ஏறும் என்றார். சின்ன வயதிலேயே ஆளானவர்கள், நேரம் கழித்து மாதவிலக்கு நின்றவர்கள், பிள்ளை பெறாதவர்கள், பால் கொடுக்காதவர்கள், மாதவிலக்கு நின்றபின் உடம்பு பெருத்தவர்கள், குடிக்கிறவர்கள், குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது வந்தவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் ஒரே ரகமில்லை என்றும் விளக்கினார். சிலது பால்குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கும், சிலது குழாயைத் தாண்டி வெளியே பரவும், சிலது பால் சுரக்கிற இடத்திலேயே ஆரம்பிக்கும். ஒன்று ஹார்மோனைத் தின்று வளரும், இன்னொன்று எதற்கும் மசியாமல் விரட்டிக்கொண்டு போகும். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்தை நமக்கும் கொடு என்று டாக்டரிடம் அடம்பிடிக்காதீர்கள் என்றார். ஜாக்கெட்டுக்குள் சுருக்குப்பை வைத்தால் வருமா என்று ஒருவர் கேட்டார். பையால் வராது, பையில் இருப்பதைப் புருஷன் பார்த்தால்தான் வம்பு வரும் என்றார். கூடம் அதிர்ந்தது. மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தேன், எனக்கு வராதுதானே என்று இன்னொருவர் கேட்டார். வாய்ப்புக் குறையும், ஆனால் வராதென்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள் என்றார். உடம்பை வளைத்து வேலை செய்யவேண்டும், நடக்கவேண்டும், எடையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும், மாதம் ஒரு தரம் நம் உடம்பை நாமே கவனிக்கவேண்டும், மாற்றம் தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. முடிந்தது, டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மைக்கைக் கீழே வைக்கப்போனார்.

பிரவீனா ஸ்கேலால் படத்தின் கடைசி வரியைத் தட்டினார். காளியண்ணன் கூரையைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். இவர் ஃபேனைப் பார்த்தார். அப்போது பின்வரிசையிலிருந்து சென்னியம்மாள் என்ற ஒரு அம்மாள், ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் வருமா வராதா என்று கேட்டுவைத்தார். வழக்கம்போல ஒரு சிரிப்பு கிளம்பியது.

"வருமுங்க" என்றார் காளியண்ணன். மைக்கில் அது சன்னமாகத்தான் கேட்டது.

வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டார். ஐந்து மாதமாக யாருமே அவரிடம் கேட்காத கேள்வி அது. அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"வலிக்காதுங்க. அதான் அதுல கெட்டது. காம்புக்குக் கீழ கல்லாட்டம் இருக்கும், தொட்டா நகராது. மொதல்ல துவரம்பருப்பாட்டம் இருக்கும். எண்ணெ போட்டா கரையாது, ஒத்தடம் குடுத்தாலும் கரையாது. ரெண்டு மாசத்துல பட்டாணி ஆயிரும். அப்பறம் காம்பு சித்த உள்ள இழுத்துக்கும். பனியன்ல ஒரு சொட்டு கறை வருமுங்க, துவைச்சா போயிரும், மறுபடி வரும். ராத்திரியில கை தன்னால அங்கயே போகும். இன்னிக்குச் சின்னதாகியிருக்குமோன்னு தொட்டுப் பாக்கத் தோணும். ஆகாதுங்க."

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. பிரவீனாவின் ஸ்கேல் அந்தரத்தில் நின்றது. அந்தப் படத்தை எழுதினவரே அவர்தான். அதில் துவரம்பருப்பும் இல்லை, பனியனும் இல்லை.

முதல் வரிசையில் பட்டுப்புடவை எழுந்தது. மாரக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"காளி, எந்தப் பனியன்லடா கறை?"

மைக் இன்னும் வாயருகேதான் இருந்தது. ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது பதில்.

"எல்லாப் பனியன்லயும் இருக்குதுக்கா."

திருச்செங்கோட்டிலிருந்து தம்மம்பட்டி வரைக்கும் கேட்கும் என்று எந்தச் சிரிப்புக்கு அவர் பயந்தாரோ, அது அங்கே ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. சென்னியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒன்றாம் நம்பர் டோக்கனை அவர் கையில் திணித்து, "மொதல்ல நீங்க போங்க சாமி" என்றார். இரண்டு வருடமாகத் தான் ஓட்டிய வண்டிக்குள் காளியண்ணன் அன்றைக்குத்தான் முதல்முறையாக மெஷின் பக்கத்துக் கதவு வழியாக ஏறினார். மாரக்காள் வண்டிக் கதவருகே காவல் நின்றார். தேவையே இல்லை, ஆனாலும் நின்றார்.

ஆண்களுக்கும் அந்த மெஷினில் படம் எடுக்கலாம், கொஞ்சம் திணறவேண்டும், அவ்வளவுதான். எத்தனை மாதமாக இருக்கிறது என்று பிரவீனா காற்றுக் குரலில் கேட்டார். ஐந்து என்றதும் கண்ணாடியைக் கழற்றி வெடுக்வெடுக்கென்று துடைத்தார். அந்தக் கோபம் காளியண்ணனுக்குத் தெரிந்தது. தினமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற பெண்ணுக்குத் துரோகம் பண்ணிவிட்டோம் என்று அப்போது உறைத்தது.

ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் சந்தேகமே இல்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் விளக்கிச் சொன்னார்: பால்குழாயில் ஆரம்பித்து வெளியே வந்த ரகம், ஹார்மோனைத் தின்று வளர்வது, அக்குளில் ஒரு நெறிக்கட்டி வரைக்கும் போயிருக்கிறது. ஆம்பிளைக்கு ஏதுங்க பால்குழாய் என்று காளியண்ணன் அங்கேயும் வாதாடினார். எல்லா ஆண்களுக்கும் பிறக்கும்போதே கொஞ்சம் இருக்கிறது, வேலையில்லாமல் சும்மா கிடக்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றி, ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டால் நல்லபடியாகத் தேறலாம்; ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் நெறிக்கட்டி வரைக்கும் போகாமலே தடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். சீட் பெல்ட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை அவர் தனியாகச் சொல்லவேண்டியிருந்தது.

உஷாராணி ஆஸ்பத்திரியில் அழவில்லை. வீட்டுக்கு வந்து, கொடியில் காய்ந்த பனியன்களை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டே ஒரே ஒரு தடவை கேட்டார்.

"ராஞ்சியில டயரு பஞ்சரானாக்கூட போன் பண்ணிச் சொல்லுவீங்க. இதச் சொல்றதுக்கு நான் ஆகாதவளாப் போயிட்டனுங்களா?"

காளியண்ணனுக்குப் பின்னால் நடந்த ஆபரேஷனைவிட இது அதிகமாக வலித்தது.

ஆபரேஷன் முடிந்தும் இதோடு விடவில்லை டாக்டர். அக்காவுக்கும் வந்திருக்கிறது, ஆணான தம்பிக்கும் வந்திருக்கிறது என்றால் குடும்பத்தில் இறங்கிவருகிற ஜீனில் பழுது இருக்கலாம், ரத்தம் கொடுங்கள் என்றார். பழுது இருந்தது. பெற்ற பிள்ளைக்குப் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒரு பெண் இருக்கிறாள் என்றீர்களே, அவளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றார் காளியண்ணன். ஒரே மகள் நித்யஸ்ரீ, இருபத்தொன்பது வயது, கோயமுத்தூரில் புருஷனோடும் இரண்டு வயதுப் பெண்குழந்தையோடும் இருக்கிறாள். அப்பாவுக்குக் கொழுப்புக் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்றுதான் அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

தான் சொல்லட்டுமா என்று மாரக்காள் கேட்டார். வேண்டாம் என்றார் காளியண்ணன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு வந்த மகளை உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினார். அப்பனுக்கு வந்தது கொழுப்புக் கட்டி இல்லை, அத்தைக்கு வந்த அதே மார்பகப் புற்றுநோய், உனக்கும் ரத்தம் பார்க்கவேண்டும் என்று ஒரு சொல் விடாமல் சொன்னார். நித்யஸ்ரீ கையிலிருந்த ஆரஞ்சை உரித்து முடித்து, அவருக்குப் பாதி கொடுத்து, மீதியைத் தான் தின்றாள். மறுநாளே ரத்தம் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து முடிவோடு நேரில் வந்தாள். காளியண்ணன் அப்போது மருந்தால் முடியெல்லாம் கொட்டி, மீசையும் போய், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஐந்து மாதம் ஒளித்தபோதும் அழாத, கத்தி வைத்தபோதும் அழாத மனிதர், துடைக்கிற துணியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"காடு தோட்டம்னு ஒண்ணும் எழுதி வெக்கலயே சாமி, இதப் போயி உனக்குக் குடுத்துட்டனே."

நித்யஸ்ரீ துணியை வாங்கிக் கீழே போட்டாள்.

"எனக்கு இன்னும் நோவு வரலீங்கப்பா. வருசா வருசம் ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கிட்டே இருந்தா, வந்தாலும் துளியூண்டா இருக்கறப்பவே புடிச்சிருவாங்களாம். நீங்க அன்னிக்கு மைக்குல சொல்லாம இருந்திருந்தா, இது எனக்குத் தெரியறதுக்குள்ள என்ற புள்ளைக்கு அம்மா இருந்திருக்க மாட்டா."

காளியண்ணன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் ஸ்கேன் என்றைக்கு என்று கேட்டார். புதன்கிழமை என்றாள். அன்றைக்குத் தன்னால் வண்டி எடுக்க முடியாது, மகளோடு போகவேண்டும் என்று அப்போதே பிரவீனாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்.